விளம்பரத்தின் அளவும் ஆயுளும்: நீலகிரித் தேயிலையை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வியும் அதன் எல்லையும்

விளம்பர உத்திகள் அந்தந்தக் காலத்துத் தொழில்நுட்பம் இடும் கட்டளைகளா, அல்லது விற்பவரின் தேவையும் வாங்குபவரின் பழக்கமும் தொழில்நுட்பத்தைத் தமக்கேற்ப வளைத்துக்கொள்வதால் விளைபவையா என்னும் கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பலரும் விடை கூறி வந்துள்ளனர். அவ்விடைகளுள் பெரும்பாலானவை இலண்டன், நியூயார்க், பம்பாய் போன்ற மாநகரங்களில் இயங்கிய விளம்பர நிறுவனங்களின் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டவை. எனவே அவற்றில் விளம்பரம் என்பது பெரும்பாலும் பெரிய நிறுவனமொன்று பெரிய ஊடகமொன்றில் பேசும் பேச்சாகவே தோற்றம் தருகிறது. பொருள் விளையும் இடத்திலிருந்து, அதிலும் பல்லாயிரம் சிறு விவசாயிகள் விளைவிக்கும் ஒரு மலை மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது அதே கேள்வி சற்று வேறு வடிவம் கொள்கிறது.

நீலகிரி இதற்கு வாய்ப்பான களம். 1830களில் கேத்திப் பகுதியில் சோதனைப் பயிராக நடப்பட்டு, 1850களிலும் அதற்குப் பின்னும் குன்னூர்ச் சுற்றுவட்டாரத்தில் வணிகத் தோட்டங்களாக விரிந்த தேயிலை, எனாமல் பலகை, பிரசார வண்டி, காலண்டர், வானொலி, தொலைக்காட்சி, ரேஷன் கடைப் பொட்டலம், புவிசார் குறியீட்டு முத்திரை, கைபேசித் திரை என்று விளம்பரத்தின் ஏறத்தாழ எல்லாக் கருவிகளையும் கண்டுவிட்டது. அக்கருவிகளுள் ஒன்றான புகைப்படச் சுருளைத் தயாரித்த அரசு ஆலையும் இதே மலையில் இருந்தது.

இக்கட்டுரையில் ‘உத்தி’ என்பது எவரிடம், எதை, எத்தனை முறை, எவர் செலவில் சொல்வது என்னும் முடிவுகளின் தொகுப்பைக் குறிக்கிறது. ‘தொழில்நுட்பம்’ என்பது செய்தியைக் கொண்டுசெல்லும் ஊடகத்தோடு, பொருளை உருவாக்கும் இயந்திரத்தையும் அதைப் பொதியும் உறையையும் சேர்த்துக் குறிக்கிறது. இந்த விரிவு ஏன் வேண்டும் என்பது பின்னர் விளங்கும்.

ஊடகமே உத்தியை வகுக்கிறது என்னும் கருத்து

முதல் நிலைப்பாட்டின் வேர் கனடாவைச் சேர்ந்த பொருளாதார வரலாற்றாசிரியர் ஹெரால்டு இன்னிஸின் எழுத்துகளில் உள்ளது. கல், களிமண் போன்ற நிலைத்த ஊடகங்கள் காலத்தை வெல்லும் சமூகங்களுக்கும், காகிதம் போன்ற இலகுவான ஊடகங்கள் இடத்தை வெல்லும் பேரரசுகளுக்கும் துணைநிற்கின்றன என்று 1950, 1951ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூல்களில் அவர் வாதிட்டார். அவரைப் பின்தொடர்ந்த மார்ஷல் மெக்லூகன் 1964இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஊடகம் சுமந்துவரும் செய்தியைவிட ஊடகத்தின் இயல்பே மனிதரின் புலன்களையும் உறவுகளையும் மாற்றுகிறது என்றார். விளம்பர வரலாற்றை அச்சு யுகம், வானொலி யுகம், தொலைக்காட்சி யுகம், இணைய யுகம் என்று பகுத்து எழுதும் வழக்கம் இச்சிந்தனையின் எளிமைப்படுத்தப்பட்ட வடிவமே.

இந்நிலைப்பாட்டுக்குத் தென்னாட்டில் சான்றுகள் கிடைக்காமல் இல்லை. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம்காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்றார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, சமவெளியின் ஆலைகளுக்கு மின்சாரம் இறங்கிய பின்னர், கோவை வட்டாரத்தில் ஆலைகளும் திரையரங்குகளும் பெருகின. படம் தொடங்குமுன் கண்ணாடி ஸ்லைடுகளில் உள்ளூர்க் கடைகளின் பெயரைக் காட்டும் உத்தி, இருட்டில் ஒரே திசையில் பார்த்து அமர்ந்திருக்கும் கூட்டம் ஒன்று உருவாகாத வரை கற்பனைக்கும் எட்டியிருக்காது.

ஆனால் யுகப் பகுப்பு ஒரு பெரிய உண்மையை மறைக்கிறது. புதிய ஊடகம் வந்ததும் பழையது விலகிவிடுவதில்லை. தமிழகத்தில் தண்டோரா, அதாவது பறையறைந்து அறிவிக்கும் முறை, அச்சையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் கடந்து நிலைத்திருந்தது. 2022 ஆகஸ்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில்தான் அதைக் கைவிடுமாறு கூறப்பட்டது. வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி சொல்லலாம் என்னும் மாற்று அதில் சுட்டப்பட்டாலும், அந்த மாற்று பல பத்தாண்டுகளாகவே கைக்கெட்டும் நிலையில் இருந்தது. ஒரு சாதியினரின் மீது சுமத்தப்பட்ட வேலை என்னும் சுயமரியாதைக் கேள்வியே தண்டோராவை முடிவுக்குக் கொண்டுவந்தது. கருவி தயாராக இருப்பது உத்தி மாறுவதற்குப் போதுமான காரணமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது கடினம்.

சிறுவரியும் சந்தைத் தேக்கமும்

இரண்டாம் நிலைப்பாடு பொருளாதாரத்தை முன்வைக்கிறது. பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் மெக்லூகனை நேரடியாக மறுத்து, தொழில்நுட்பங்கள் வானத்திலிருந்து விழுவதில்லை என்றும், குறிப்பிட்ட நோக்கங்களுக்காகத் தேடப்பட்டு, குறிப்பிட்ட நலன்களால் வடிவமைக்கப்படுகின்றன என்றும் விளக்கினார். அவருடைய நோக்கில் நவீன விளம்பரம் என்பது பெருமளவு உற்பத்தியை விற்றுத் தீர்க்க வேண்டிய முதலாளியத்தின் ஓர் உறுப்பு.

தேயிலையின் கதை இந்நிலைப்பாட்டுக்கு வலுவாகத் துணைநிற்கிறது. தோட்ட முதலாளிகளின் வேண்டுகோளின் பேரிலேயே 1903இல் காலனிய அரசு தேயிலை செஸ் சட்டத்தை இயற்றி, ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது ஒரு சிறுவரி விதித்து, அத்தொகையைத் தேயிலையைப் பரப்பும் பணிக்கு ஒதுக்கியது. அசாம், டார்ஜிலிங் தோட்டங்களைப் போலவே, 1893இல் தோன்றிய உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் கீழ்த் திரண்ட தென்னகத் தோட்டங்களின் ஏற்றுமதியும் இவ்வரிக்கு உட்பட்டது. தொடக்க ஆண்டுகளில் இப்பணத்தின் பெரும்பகுதி மேலை நாட்டுச் சந்தைகளிலேயே செலவிடப்பட்டது. 1930களின் உலகப் பொருளாதார மந்தமும், இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திக்கொண்ட 1933ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தமும் சேர்ந்து, விளைந்த தேயிலையை உள்நாட்டிலேயே குடிக்கவைக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கின. செஸ் குழு 1937இல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்று பெயர் மாறியது. நாடு விடுதலையடைந்த பின்னர் அதன் பணி, 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேயிலை வாரியத்தின் கைக்குச் சென்றது.

இங்கே கவனிக்க வேண்டியது, 1930களில் தேயிலைப் பிரசாரம் கைக்கொண்ட உத்திகள் பெரும்பாலும் புதிய தொழில்நுட்பத்தைச் சார்ந்தவை அல்ல என்பதே. வானொலியும் பேசும் படமும் அறிமுகமாகிவிட்ட அந்தப் பத்தாண்டில், வாரியத்தின் ஆட்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ஆலை வாசல்களிலும் அடுப்பு மூட்டித் தேநீர் போட்டுக் காட்டினர். வீடு வீடாகச் சென்று இலவசமாக ஊற்றிக் கொடுத்தனர். ஒரு பைசாவுக்கு வாங்கக்கூடிய சின்னஞ்சிறு பொட்டலங்களை அறிமுகப்படுத்தினர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே எழுத்தறிந்திருந்த ஒரு நாட்டில், நாவுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுப்பதே மிக நவீனமான உத்தியாக இருந்தது. அதைச் செய்து முடிக்கத் தேவைப்பட்டது கருவியன்று, ஒரு தனி நிறுவனத்தால் தாங்க முடியாத செலவைத் தொழில் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே. செஸ் அந்த ஏற்பாட்டைத் தந்தது.

இந்த விளக்கத்துக்கும் ஒரு குறை உண்டு. பணம் எங்கிருந்து வந்தது, ஏன் அப்போது வந்தது என்பதை அது சொல்கிறது. அப்பணம் ஏன் குறிப்பிட்ட வடிவங்களில் செலவானது என்பதைச் சொல்வதில்லை. அதற்கு மீண்டும் பொருட்களின் இயல்புக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

பலகையின் ஆயுள்

செய்முறை விளக்கத்துக்கு அடுத்தபடியாக வாரியத்தின் அடையாளமாக நின்றவை ரயில் நிலையங்களில் பதிக்கப்பட்ட எனாமல் பலகைகள். இரும்புத் தகட்டின் மீது கண்ணாடித் தன்மையுள்ள வண்ணப் பூச்சை உலையிலிட்டு உருக்கிப் பிடிக்கவைக்கும் இம்முறையில் உருவான பலகை மழையில் கரையாது, வெயிலில் வெளுக்காது. அப்பலகைகளில் விலை இருக்காது, சலுகை இருக்காது, தண்ணீரைக் கொதிக்கவைப்பது, தூளை இடுவது, ஊறவிடுவது, பாலும் சர்க்கரையும் சேர்ப்பது என்னும் செய்முறையே படங்களாகவும் வட்டார மொழி வாசகங்களாகவும் இருக்கும். இதற்குத் தேநீரின் புதுமையை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் முப்பது ஆண்டுகள் அழியாமல் நிற்கப்போகும் ஒரு பரப்பில், மறுமாதம் மாறிவிடும் விலையை எவரும் எழுத மாட்டார்கள் என்பதும் அதே அளவு எளிய உண்மை. நாளிதழில் வரும் விளம்பரம் அன்றைய விலையைச் சொல்லலாம். சுவரில் பதித்த எனாமல் பலகை என்றைக்கும் பொருந்துவதை மட்டுமே சொல்ல முடியும். பேரரசுகளைப் பற்றி இன்னிஸ் கூறியது, ஒரு ரயில் நிலையச் சுவரின் அளவுக்குச் சுருக்கிக் கொள்ளும்போதே அதிகம் மெய்யாகிறது எனலாம்.

ஆயுள் என்னும் இந்த அளவுகோலோடு குறைந்தபட்ச அளவு என்னும் மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு விளம்பரத்தை எத்தனை படி எடுத்தால் அது கட்டுபடியாகும் என்பதையே இங்குக் குறைந்தபட்ச அளவு என்பது குறிக்கிறது. எனாமல் பலகையும் வண்ணக் கல்லச்சும் ஆயிரக்கணக்கில் செய்தால்தான் மலிவு. ஆகவே அவை பேரளவில் விற்போருக்கே உரியவை. 1912இல் இந்தியாவில் தனி நிறுவனமாகப் பதிவான புரூக் பாண்டும், இலங்கைத் தோட்டங்களைக் கைக்கொண்டு வளர்ந்த லிப்டனும் முத்திரையிட்ட பொட்டலத்தின் மூலம் தம் பெயரைப் பரப்ப முடிந்தது, தூளைக் கலந்து, பொதிந்து, வண்டிகளில் ஏற்றிக் கடைதோறும் சேர்க்கும் அளவுக்கு அவை பெரியவையாக இருந்ததால்தான். பொட்டலத் தாளே அங்கு விளம்பரப் பரப்பு. தோட்டத்திலிருந்து மூட்டையாகவோ பெட்டியாகவோ ஏலத்துக்குச் செல்லும் தேயிலைக்கு அத்தகைய பரப்பு கிடையாது. நீலகிரித் தேயிலையின் பெரும்பகுதி பெயரின்றியே பிறருடைய பெயருக்குள் கலந்தது என்பது இன்றுவரை தொடரும் நிலை. 1963இல் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கியதும் இந்நிலையை மாற்றவில்லை. ஏலத்தில் தோட்டத்தின் பெயரும் தரத்தின் பெயரும் வாங்குவோருக்குத் தெரியும், குடிப்போருக்குத் தெரியாது.

மூன்றாவது அளவுகோல் கணக்கு. விளம்பரத்துக்குச் செலவிட்ட ரூபாய் எவ்வளவு ஈட்டியது என்று அறியும் வசதி இணையத்தோடுதான் வந்தது என்னும் பரவலான எண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட நூல் முழுவதும், வெட்டி அனுப்பும் கூப்பன்களை எண்ணி எந்த வாசகம் விற்கிறது என்று சோதிக்கும் முறையைப் பற்றியதே. தமிழகத்தில் அப்பணியைச் செய்தது வி.பி.பி. என்று வழங்கும் அஞ்சல் முறை: பொருளை அஞ்சல்காரர் வீட்டில் சேர்த்துப் பணத்தைப் பெற்று அனுப்பியவருக்குத் திருப்பும் ஏற்பாடு. எந்த ஏட்டில் வந்த விளம்பரத்தால் எத்தனை ஆர்டர்கள் வந்தன என்பதை வி.பி.பி. வணிகர் மறு வாரமே அறிவார். அஞ்சல் வழி விற்பனையும் விளம்பரத் தொழிலும் நடத்திவந்த எஸ்.எஸ். வாசன், விளம்பரம் கொடுத்துவந்த ஆனந்த விகடனையே 1928இல் வாங்கி நடத்தத் தொடங்கினார். பத்திரிகையின் மதிப்பை உள்ளடக்கத்தை வைத்து மட்டுமன்றி, திரும்பி வந்த மணியார்டர்களை வைத்தும் கணித்த ஒருவர் அம்முடிவை எடுத்தது தற்செயலாக இருக்க இயலாது.

காலண்டரும் தேயிலை பறிக்கும் பெண்ணும்

மூன்றாம் நிலைப்பாட்டினர் பண்பாட்டுத் தொடர்ச்சியை வலியுறுத்துகின்றனர். கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட கடைவீதிக் கடவுளர் படங்கள் பற்றிய ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. சிவகாசியின் அச்சகங்கள் கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு போன்றோரின் முருகனையும் இலட்சுமியையும் பெருந்தொகையில் அச்சிட்டு, கீழே வெற்றிடம் விட்டு நாடெங்கும் அனுப்பின; எந்த ஊரின் எந்தக் கடைக்காரரும் அவ்விடத்தில் தம் பெயரை அச்சிட்டுக்கொள்ளலாம். பொருளின் சிறப்பைச் சொல்லும் ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆண்டு முழுவதும் பூசை மாடத்தில் தொங்கும் தெய்வத்தின் காலடியில் பெயர் இருப்பதே விளம்பரம். பேரளவு அச்சின் குறைந்தபட்ச அளவைப் பலர் பகிர்ந்துகொள்ள வழி செய்த இந்த வெற்றிடம், செஸ் வரி செய்ததையே வரியில்லாமல் செய்து முடித்தது. கடைவீதி கண்ட இத்தீர்வை விளம்பரக் கல்வி இன்னும் போதிய அளவு மதிக்கவில்லை.

தேநீரைப் பொறுத்தவரை கௌதம் பத்ராவும் ஆ.இரா. வேங்கடாசலபதியும் பண்பாட்டுப் பக்கத்தை ஆராய்ந்துள்ளனர். வங்கத்தில் ஏகாதிபத்தியத்தின் பண்டமாக இருந்த தேநீர் தேசிய பானமாக மாறிய விதத்தைப் பத்ரா விளக்குகிறார். அன்னதா முன்ஷி 1947இல் வரைந்த சுவரொட்டியில் இராட்டையருகே அமர்ந்த பெண்ணின் கையில் தேநீர் வந்துவிட்டது. தமிழகத்தில் காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் பிரிந்து நின்றதை வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரை காட்டுகிறது. ஒரே பலகை, ஒரே வண்டி, ஒரே வாசகம் கல்கத்தாவில் ஒருவகையாகவும் கும்பகோணத்தில் வேறுவகையாகவும் பொருள்பட்டது என்றால், பொருளை முடிவு செய்தது கருவியல்ல.

நீலகிரி இதற்கு மற்றொரு சான்று தருகிறது. பசுஞ்சரிவில் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் உருவம் கல்லச்சு உறைகளிலிருந்து புகைப்பட அட்டைகளுக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் இடையறாமல் தொடர்கிறது. கத்தரிக்கோலும் அறுவடை இயந்திரமும் வந்து பறிப்பு முறையே பெரிதும் மாறிவிட்ட பிறகும், விளம்பரத்தில் இரு விரலால் கொழுந்து கிள்ளும் கை மட்டும் மாறவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, டேன்டீ எனப்படும் அரசுத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் வரலாற்றுக்கு அந்தச் சிரிப்பில் இடமில்லை. பியா சட்டர்ஜி 2001இல் வடவங்கத் தோட்டங்களைப் பற்றி எழுதிய நூலில் இவ்வுருவத்துக்கும் உண்மையான உழைப்புக்கும் உள்ள இடைவெளியை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளார். நீலகிரிக்கும் அதன் பெரும்பகுதி பொருந்தும்.

பண்பாட்டு விளக்கத்தின் பலவீனம், எல்லாவற்றையும் தொடர்ச்சியாகவே காண்பது. தொடராமல் அறுந்தவற்றை அது எளிதில் விளக்குவதில்லை.

தேநீர் பரவியது விளம்பரத்தாலா?

இதுவரை கூறிய மூன்று தரப்பினரும் விளம்பரம் பயன் விளைத்தது என்பதைப் பேசாமலே ஏற்கின்றனர். அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஷட்ஸன் 1984இல் அந்த எடுகோளையே ஐயுற்றார். விளம்பரம் விற்பனையைப் பெருக்குகிறது என்பதற்கான சான்றுகள் பொதுவாக எண்ணப்படுவதைவிட மெலிந்தவை என்றும், ஏற்கெனவே விற்கும் பொருளுக்கே அதிகம் விளம்பரம் செய்யப்படுகிறது என்றும் அவர் காட்டினார். இந்தியத் தேநீரைக் குறித்து 2012இல் ஃபிலிப் லுட்கென்டார்ஃப் எழுதிய கட்டுரை இந்த ஐயத்துக்கு உருக்கொடுக்கிறது. காலனியக் காலப் பிரசாரம் வழியமைத்தாலும், தேநீர் நாடெங்கும் எல்லாத் தரப்பினரின் பானமாகப் பரவியது விடுதலைக்குப் பின்னரே என்றும், அதில் சி.டி.சி. என்னும் இயந்திரத்தின் பங்கு பெரிது என்றும் அவர் கூறுகிறார்.

1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவான சி.டி.சி. முறையில், பற்கள் பொருந்திய உருளைகளுக்கிடையே இலை நசுக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, சுருட்டப்பட்டுச் சிறு மணிகளாகிறது. அம்மணிகள் விரைவில் சாறு இறக்கும். பாலையும் சர்க்கரையையும் தாங்கும் கடுப்புத் தரும். ஒரு கிலோவில் அதிகக் கோப்பைகள் கிடைக்கும். தெருமுனைத் தேநீர்க் கடையின் பொருளாதாரம் இந்தத் தூளின் மீதே நிற்கிறது. நீலகிரியிலும் 1960களுக்குப் பின் உருளைக்கிழங்கு வயல்கள் தேயிலையாக மாறி, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள் பெருகியபோது, அவற்றில் மிகுதியாக இடம்பிடித்தது இதே முறை. இந்தியா தன் தேயிலை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தானே குடித்துவிடும் இன்றைய நிலையை எனாமல் பலகைகள் படைத்தன என்பதைவிட, உருளைகளும் தேநீர்க் கடைகளும் படைத்தன என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது.

எனினும் இக்கருத்தையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். வாரியத்தின் பலகைகள் கற்பித்த செய்முறையை மீறி, பாலையும் தண்ணீரையும் தூளையும் ஒன்றாகக் கொதிக்கவைக்கும் பழக்கத்தை மக்கள் தாமே உருவாக்கிக்கொண்டனர். பலகைகள் கண்டித்த அந்தப் பிழையே பின்னர் சி.டி.சி. தூளுக்கு ஏற்ற முறையாயிற்று. ஆனால் மீறுவதற்கும் ஒரு தொடக்கப் பாடம் தேவைப்பட்டது. விளம்பரம் தான் விரும்பியதைச் சாதிக்காமல், விரும்பாத ஒன்றுக்கு வழிவிட்டுப் பயனளிக்கக்கூடும் என்னும் இச்சாத்தியத்தை ஷட்ஸனின் ஐயம் கணக்கில் கொள்வதில்லை.

ஒலி, ஒளி, உறை

வானொலியின் வரலாறு தேயிலையை ஓரமாகவே தொட்டுச் செல்கிறது. ஆயினும் தொழில்நுட்பமும் அரசின் கொள்கையும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காண அது உதவும். போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகள் கொழும்பில் நிறுவிய சிற்றலை ஒலிபரப்பி, பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. அகில இந்திய வானொலி 1950களில் திரைப்பாடல்களை ஒதுக்கியதும், விளம்பரத்தை ஏற்காததும் சேர்ந்து தமிழ் வணிகர்களைக் கடல் கடந்து கொழும்புக்கு அனுப்பின. 1967இல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி விளம்பரத்தை ஏற்கும் வரை தமிழ்ச் செவிகளில் ஒலித்த வணிகப் பாட்டுகளுள் பலவும் அண்டை நாட்டிலிருந்தே வந்தன. ஒலிபரப்பியின் ஆற்றல் ஒரு புறம், ஓர் அமைச்சகத்தின் இசை ரசனை மறுபுறம். எதைக் காரணம் என்பது?

தூர்தர்ஷன் 1976இல் விளம்பரத்தை ஏற்றது. 1982இல் வண்ணம் வந்தது. உதகையின் இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். தூசியற்ற குளிர்ந்த காற்றைக் கருதி அமைக்கப்பட்டு, பிரெஞ்சு நிறுவனமொன்றின் ஒத்துழைப்போடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலையின் பலம் கறுப்பு-வெள்ளைச் சுருள். வண்ணத்துக்கு நாடு மாறியபோது தளர்ந்து, எண்ணிமப் படக்கருவியோடு முடிந்துபோயிற்று. விளம்பர உத்தி தொழில்நுட்பத்தைச் சார்ந்தது எனும்போது, அத்தொழில்நுட்பத்தை உற்பத்தி செய்வோர் எவ்வளவு விரைவாக வழக்கொழிகின்றனர் என்பதை எவரும் சேர்த்துச் சொல்வதில்லை. சுவர் மாறினாலும் பலகை செய்தவர் வேறு வேலைக்குப் போகலாம். ஒரு மலைநகரத்தின் ஆலைக்கு அவ்வாறு போக இயலவில்லை.

உறையின் தொழில்நுட்பம் வேறொரு பாதையில் சென்றது. கடலூரின் சின்னிகிருஷ்ணன் பிரபலமாக்கிய சாஷே என்னும் சிறு உறை, 1930களின் ஒரு பைசாத் தேயிலைப் பொட்டலத்தின் எண்ணத்தைப் பிளாஸ்டிக் படலத்தில் மறுபடி பிறப்பித்தது. பின்னர் 2000ஆம் ஆண்டையொட்டி நீலகிரி மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தத் தொடங்கியபோது, மலிவான விளம்பரப் பரப்பாகவும் விளங்கிய அந்தப் படலமே மலைக்குச் சுமையாகப் பார்க்கப்பட்டது.

விளம்பரம் தேவைப்படாத ஆண்டுகளும் அதன் பின்னும்

தொழில்நுட்ப வாதத்துக்கு நீலகிரி எழுப்பும் மிகக் கடுமையான தடை வேறொன்று. தொலைக்காட்சி வளர்ந்த அதே காலத்தில், மலையின் தேயிலைக்குப் பெருமளவில் விளம்பரமே தேவைப்படவில்லை. தென்னிந்தியத் தேயிலையைச் சோவியத் ஒன்றியம் பெருந்தொகையாக வாங்கிக்கொண்டிருந்தது. விற்றுத் தீரும் பொருளுக்குப் பெயர் எதற்கு? 1991இல் அந்நாடு கலைந்து, பத்தாண்டின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபோதுதான், பெயரில்லாமல் விற்றதன் விலை என்ன என்பதை மலை அறிந்தது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ், ‘ஊட்டி டீ’ என்னும் பெயரில் ரேஷன் கடைகள் வழியே தூள் விற்றது இச்சூழலில்தான். தொலைக்காட்சி நொடிகளை வாங்கும் வசதியற்ற ஒரு கூட்டுறவுக்கு, மாநிலம் முழுவதும் ஏற்கெனவே பரவியிருந்த ரேஷன் கடை வலைப்பின்னலே ஊடகமாயிற்று. 2008இல் ஆர்த்தடாக்ஸ் எனப்படும் மரபுமுறை நீலகிரித் தேயிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மலையின் உற்பத்தியில் பெரும்பகுதி சி.டி.சி. ஆகையால், அம்முத்திரை சிறுபான்மைத் தேயிலைக்கே பொருந்துகிறது.

எண்ணிம அச்சு குறைந்தபட்ச அளவை ஒன்றாகக் குறைத்தது. பிளெக்ஸ் பேனர் ஒன்றே ஒன்று அடிக்கலாம் என்றானதும், காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும் தெருவுக்கு வந்தன. கைவண்ண விளம்பர ஓவியர்கள் தொழில் இழந்தனர். 2019இல் சென்னையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பின்னரே கட்டுப்பாடு குறித்த பேச்சு வலுத்தது. கைபேசியில் விளம்பரம் செய்ய அச்சுச் செலவும் இல்லை. அதனால் நீலகிரியின் சில சிறு தோட்டங்கள் ஏலத்தைத் தவிர்த்துக் குடிப்போரிடம் நேரடியாகப் பேசத் தொடங்கியுள்ளன. ஆனால் இணையத்தில் விளம்பர இடம் ஒவ்வொரு நொடியும் ஏலத்தில் விற்கப்படுகிறது. அதிகம் தருபவருக்கே கண்கள். குறைந்தபட்ச அளவு என்னும் மதில் விழுந்த இடத்தில் ஏலம் என்னும் மதில் எழுந்திருக்கிறது. பெரிய பெயருக்கும் சிறு தோட்டத்துக்கும் அங்கு ஒரே விதி என்பது, குன்னூர் ஏலத்தில் எல்லாருக்கும் ஒரே விதி என்பதைப் போன்றதே.

திறந்திருப்பவை

மேற்கண்ட நிலைப்பாடுகளுள் எதுவும் தனித்து நிற்கும் வலுவுடையதாகத் தோன்றவில்லை. தொழில்நுட்பம் விளம்பரத்தின் அளவையும் ஆயுளையும் கணக்கையும் உறுதியாக வரையறுக்கிறது; எவரால் பேச முடியும் என்பதை அதன் வழியே முடிவு செய்கிறது. பேசுவதன் உள்ளடக்கத்தின் மீது அதன் பிடி இதைவிடத் தளர்வானது என்றே நீலகிரிச் சான்று காட்டுகிறது. ஆனால் இந்த முடிவு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இதுவரையிலான ஊடகங்கள் அனைத்திலும் செய்தி முதலில் ஆக்கப்பட்டு, பின்னரே பரப்பப்பட்டது. பார்ப்பவருக்கு ஏற்ப வாசகத்தையும் படத்தையும் அந்தக் கணமே ஆக்கித்தரும் இன்றைய கணினி முறைகளில் ஆக்குதலும் பரப்புதலும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கும் கூடையேந்திய பெண்ணே சிரிப்பாளானால் பண்பாட்டுத் தரப்பு வலுப்பெறும். இல்லையேல் மெக்லூகனின் தரப்பை மீண்டும் எடுத்துப் படிக்க நேரும்.

சட்டத்தின் நிலையும் தெளிவடைய வேண்டும். விளம்பரத் துறையின் தற்கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் சமூக ஊடகப் பரிந்துரையாளர்களுக்கு நெறிகளை வகுத்தது. மத்திய அரசு 2022இல் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பொதுவெளியில் நின்று எல்லாரும் காணும் விளம்பரத்தை மனத்திற்கொண்டே இத்தகைய விதிகள் பெரும்பாலும் சிந்திக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு மட்டும் ஒரு முறை தோன்றி மறையும் விளம்பரத்தைப் பற்றிப் புகார் தருபவர் எதைச் சான்றாகக் காட்டுவார் என்னும் சிக்கல் ஆயுளைப் பற்றியதே.

சிறு தேயிலை விவசாயியைப் பொறுத்தவரை எஞ்சும் கேள்வி நடைமுறை சார்ந்தது. செஸ் வரியும், காலண்டரின் வெற்றிடமும், ரேஷன் கடையும் வெவ்வேறு காலங்களில் பலரின் சிறு வலிமையைச் சேர்த்து ஒரு பரப்பைப் பெற்றுத்தந்தன. நொடிதோறும் ஏலம் நடக்கும் திரையில் அத்தகைய கூட்டுப் பரப்பு எப்படி அமையும், அதற்கு யார் பணம் போடுவார்கள், 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தூளும் தனித் தோட்டத்தின் மரபுமுறைத் தேயிலையும் ஒரே பெயரின் கீழ் நிற்க இசையுமா என்பவை இனிவரும் ஆய்வுகளுக்கும், அவற்றுக்கு முன்பே குன்னூரின் கூட்டங்களுக்கும் உரிய பொருள்கள்.